98-ஆம் நம்பர் சட்டை

வணக்கம். அமெரிக்கக் கால்பந்து பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் முன்வரிசையில் ஒருவர், "அது காலால் ஆடுவதா, கையால் ஆடுவதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பெரும்பாலும் கைதான். பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், இல்லையென்றால் எறிவார்கள். எதிராளி மேலே பாய்ந்து சாய்ப்பார். எதிரணியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு தாண்டிவிட்டால் டச் டவுன். இன்றைக்கு இது போதும்.

நான் சொல்ல வந்தது டாம் ஹார்மனைப் பற்றி. இந்தியானா மாநிலத்தில், எஃகு ஆலைகள் நிறைந்த கேரி நகரில் வளர்ந்தவர். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக 98-ஆம் நம்பர் சட்டை போட்டு ஆடினார். அந்தக் காலத்தில் தொழில்முறை ஆட்டத்தைவிடக் கல்லூரி ஆட்டத்துக்குத்தான் மவுசு.

1940 செப்டம்பர் 28. ஹார்மனுக்கு அன்று 21 வயது நிறைகிறது. பெர்க்லியில் கலிஃபோர்னியா அணியோடு ஆட்டம். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையையே பிடித்து 94 கஜம் ஓடி டச் டவுன் போட்டார். மைதானத்தின் நீளமே 100 கஜம்! பிறகு ஒருமுறை 86 கஜம். எதிரணியில் யாராலும் நெருங்க முடியவில்லை. கூட்டத்தில் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. களத்துக்குள் குதித்து, தானே மடக்கிவிடலாம் என்று வந்தார். அவரையும் ஏய்த்துவிட்டு ஓடினார் ஹார்மன்.

அந்த நவம்பரில் கடைசி ஆட்டம், ஒஹையோ ஸ்டேட் அணியின் சொந்த ஊரில். இரண்டு அணிகளும் பரம வைரிகள். மிச்சிகன் 40-0 என்று ஜெயித்தது. ஹார்மன் ஓடி மூன்று டச் டவுன், எறிந்து இரண்டு. கல்லூரி ஆட்டங்களில் முந்தைய நட்சத்திரம் ரெட் கிரேஞ்ச் மொத்தமாக வைத்திருந்த 31 டச் டவுன் சாதனையும் உடைந்து 33 ஆனது. அவர் வெளியேறும்போது எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவமானப்பட்ட ஊர் கைதட்டுவது லேசான காரியமா? அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பை அவருக்குத்தான்.

1941 சீசனுக்குத் தொழில்முறை அணிகள் கல்லூரிகளிலிருந்து ஆள் எடுத்தபோது, சிகாகோ பேர்ஸ் அணி அவரை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அவர் போகவில்லை, கண் வானொலிமேல். அதற்குள் யுத்தம் வந்து, விமானியானார். 1943-இல் அவர் ஓட்டிய விமானம் தென்னமெரிக்கக் காட்டில் விழுந்தது. உடனிருந்தவர்களில் யாரும் பிழைக்கவில்லை. இவர் ஒருவர்தான் நாள்கணக்கில் நடந்து வெளியே வந்தார். அதே ஆண்டு சீனாவின் மேல் பறக்கையில் ஜப்பானியர் சுட்டு வீழ்த்தினார்கள். பாராசூட்டில் குதித்தார், தீக்காயங்களோடு. சீனக் கொரில்லாக்கள் ஒளித்துவைத்துக் கொண்டுவந்து சேர்க்க ஒரு மாதமாயிற்று. மறுவருஷம் எலிஸ் நாக்ஸ் என்ற நடிகையை மணந்தார். மணப்பெண்ணின் உடை அந்தப் பாராசூட் பட்டில் தைத்தது.

திரும்பிவந்து லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் 1946, 47 இரண்டு சீசன் ஆடினார். காயம்பட்ட கால்களில் பழைய வேகம் இல்லை. சரி என்று மைக்கைப் பிடித்தார்.

ஹார்மனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கல்லூரியின் மூன்று வருஷத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம். வானொலியிலும் டிவியிலும் அவர் உழைத்தது பல பத்தாண்டுகள். ஆடி ஓய்ந்தவர் வர்ணனைக்கு வருவது இன்று வாடிக்கை, அன்று அபூர்வம். சுலபமும் இல்லை. இந்த ஆட்டத்தில் பத்து கஜம் முன்னேற நாலு வாய்ப்பு. வானொலியைக் கேட்கிறவருக்கு ஒவ்வொரு முறையும் இது எத்தனையாவது வாய்ப்பு, இன்னும் எத்தனை கஜம், பந்து எந்தக் கோட்டில் என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். ஒன்றை விட்டால் கேட்பவர் தொலைந்தார். 94 கஜம் ஓடிய ஆள், அடுத்தவர் ஓடிய இரண்டு கஜத்தை அக்கறையாகச் சொல்லவேண்டும்.

1990-இல் 70 வயதில் காலமானார். மகன் மார்க்கும் யூசிஎல்ஏ என்ற கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அணியில் ஆடியவர்தான், பிறகு நடிக்கப் போனார். என்சிஐஎஸ் என்ற அமெரிக்க டிவி தொடர் பார்த்தவர்களுக்கு முகம் தெரியும். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனிடம் டாம் ஹார்மன் பெயரைச் சொன்னேன். "யாரு சார், மார்க் ஹார்மனுக்குச் சொந்தமா?" என்றான்.