அக்கரைக் குகைக் கோயில்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். இலங்கை மலையகத்தில் கோயில் என்றதும் தேரும் கரகமும் காவடியும் நினைவுக்கு வரும். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது கோபுரம் இல்லாத கோயில்களைப் பற்றி. பெரிய பாறை ஒன்று முன்னால் சாய்ந்து நிற்கும். அதன் அடியில் ஒரு சூலம், ஒரு வேல், எண்ணெய் பட்டுக் கறுத்த ஒரு கல். முனியாண்டியோ மாடசாமியோ அங்கே இருப்பார். உங்களில் பலருக்கு உங்கள் தோட்டத்துப் பாறை ஒன்று இப்போதே ஞாபகம் வந்திருக்கும்.

நான் வழக்கமாகப் போகும் குகைக் கோயில் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்கு அக்கரையில் இருக்கிறது. ஹட்டனில் பஸ் ஏறி, நோர்வூட் தாண்டி, மஸ்கெலியாவில் இறங்கி, அப்புறம் படகு. ரோட்டைச் சுற்றியும் போகலாம், ஆனால் பூசைச் சாமான்களையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு தேயிலை மலை ஏறி இறங்க முடியாது. தேங்காய், பழம், பொங்கல் பானை, விறகுக் கட்டு எல்லாம் படகில்தான் வரும்.

அந்தத் தண்ணீரில் போகும்போது நான் எப்போதும் பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் கீழே பார்க்கச் சொல்வேன். மஸ்கெலியா ஓயாவை மறித்து 1960களின் இறுதியில் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் அடியில் போனது. இப்போதுள்ள நகரம் மேட்டில் புதிதாக எழுந்தது. வெயில் காலத்தில், நீர்மட்டம் நன்றாக இறங்கினால், பழைய கோயில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் மூன்றின் மிச்சங்களும் வெளியே தெரியும். சனம் திரண்டு போய்ப் பார்க்கும். நம் வீடுகளில் எரிகிற மின்சாரத்துக்காக அந்த ஊர் மக்கள் கடையையும் வீட்டையும் சாமியையும் விட்டுவிட்டு மேலே ஏறினார்கள். பிள்ளைகளுக்கு அது தெரிய வேண்டும்.

சரி, அக்கரைக்கு வந்துவிட்டோம். மழைக்காலத்தில் படகு பாறைக்குப் பக்கத்திலேயே ஒதுங்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் கீழே போயிருக்கும், சேற்றில் கொஞ்ச தூரம் ஏற வேண்டும். ஏறியதும் குகை.

இங்கேதான் நான் எப்போதும் சொல்வதை இன்றைக்கும் சொல்லப் போகிறேன். குகைக் கோயிலில் சாமிக்கு அடுத்தபடி நீங்கள் பார்க்க வேண்டியது பாறையின் நெற்றி. அண்ணாந்து பாருங்கள். தம்புள்ளைக் குகை விகாரைக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம், குகை வாசலுக்கு மேலே பாறையின் குறுக்காக நீளமாக ஒரு காடி, அதாவது ஒரு பள்ளக் கோடு, வெட்டியிருக்கும். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய வேலை. மதுரைப் பக்கத்துச் சமணக் குகைகளிலும் இதே காடி உண்டு. எதற்காக? கேத்தலில் தேத்தண்ணீர் ஊற்றும்போது மூக்கு மழுங்கியிருந்தால் தண்ணீர் கோப்பைக்குள் விழாமல் கேத்தல் வயிற்றோடு வழியும் இல்லையா? மழைத் தண்ணீரும் அப்படித்தான். பாறையை ஒட்டியே ஊர்ந்து குகைக்குள் வந்துவிடும். அந்தக் காடியின் விளிம்புக்கு வந்ததும் பிடி விட்டுப்போய் வெளியே சொட்டும். உள்ளே காய்ந்திருக்கும். காடிக்குக் கீழே, நனையாத இடம் பார்த்து, குகையைத் துறவிகளுக்குக் கொடுத்தவர் பெயரை பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டி வைத்தார்கள். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் அப்படி வெட்டப்பட்ட பெயர்களில் விசாகன் என்ற தமிழ் வணிகனின் பெயரும் இருக்கிறது.

நம் தோட்டத்துப் பாறைகளில் இப்படி வெட்டிய காடி இருக்காது. ஆனால் எந்தப் பாறையில் நெற்றி இயற்கையாகவே கூராக இறங்கி, தண்ணீர் வெளியே சொட்டுகிறதோ, அந்தப் பாறையின் அடியில்தான் நம் பாட்டன்மார் சூலத்தை நட்டார்கள். விளக்கு அணையாத இடம் பார்த்து வைத்தார்கள். நான் போகும் குகையில் அடை மழையிலும் திருநீறு நனையாது.

இப்போது என்ன நடக்கிறது? நல்ல மனதோடு காசு சேர்க்கிறார்கள். அந்தக் காசில் பாறை நெற்றியில் சீமெந்து பூசி, அதிலிருந்து கொங்கிறீட் தட்டு இழுத்து, உள்ளே டைல்ஸ் ஒட்டுகிறார்கள். சீமெந்து பூசியதும் அந்தக் கூர் விளிம்பு மூடிப் போகிறது. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்கு உள்ளே வர வழி கிடைத்துவிடுகிறது. அடுத்த மழைக்கு டைல்ஸுக்குப் பின்னால் ஈரம், அதற்கடுத்த வருடம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். பூசாரி ஐயா வாளி வைத்துக்கொண்டு நிற்பார். தோட்டத் தலைவர்மாரே, கோயில் கமிட்டிக்காரரே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், பாறை நெற்றியில் சீமெந்து வேண்டாம். நிழல் வேண்டுமென்றால் முன்னால் தனியாகக் கால் நட்டுத் தகரம் போடுங்கள். தகரம் பாறையைத் தொடக்கூடாது, இடைவெளி விடுங்கள். பாறைக்கு மேலே சேரும் சருகையும் மண்ணையும் வருடம் ஒரு தரம் வழித்துவிடுங்கள். இடுக்கில் ஆல், அரசு முளைத்தால் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நெற்றியில் சீமெந்து வேண்டாம்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதற்கு முன் கும்பிடும் கவ்வாத்துசாமி, தொழிற்சாலை இயந்திரத்துக்குக் காவலான ரோதமுனி, இவர்களைப் பற்றியும் குறித்து வைத்திருந்தேன். இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து பேசுகிறேன்.

படகு பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு அங்கி இல்லாமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். பூசையென்று சொல்லி அளவுக்கு மீறி ஆட்களை அடைக்காதீர்கள், இரண்டு நடை போகலாம். காலையிலேயே போய்விட்டு, மலையில் மேகம் இறங்குவதற்கு முன் இக்கரைக்கு வந்துவிடுங்கள். வணக்கம்.