ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(மயிலாப்பூரில் நடந்த நீர்வளக் கூட்டம் ஒன்றில் பேசியது)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா அவர்களே, இந்த வெயிலில் செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் ஏரிப் பாசனப் பெரியவர்களே, மாணவச் செல்வங்களே, இடம் கொடுத்து மோரும் கொடுத்த நூலக நண்பர்களே, வணக்கம். சால்வை போர்த்திய அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி.

வயலும் காடும் எவ்வளவு தண்ணீர் குடிக்கின்றன என்பதை வானத்திலிருந்து அளப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஏரியில் நிற்கும் தண்ணீரை அளக்கிறோம். ஆனால் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் ஆவியாகிப் போவதை யார் அளக்கிறோம்? நல்ல வெயில் நாளில் நெல்வயலிலிருந்து 6 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் வரை ஆவியாகப் போகும். ஏக்கருக்குச் சுமார் 24,000 லிட்டர். சென்னைக் கணக்கில், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இரண்டு, ஒரே நாளில்.

எங்கள் ஊரில் ஒரு நீர்க்கட்டித் தாத்தா இருந்தார். ஏரித் தண்ணீரை மடை மடையாகத் திருப்பிவிடுவது அவர் வேலை. ஒரு சித்திரை மாதம், மாமா கத்தரிக்குத் தண்ணீர் போதவில்லை என்று அவரிடம் சண்டைக்குப் போனார். கூடவே நானும் ஓடினேன், எட்டு வயது. தாத்தா பதில் பேசவில்லை. உச்சிவெயிலில் மாமாவின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், எங்கள் செடியின் இலையைத் தொடச் சொன்னார். சில்லென்று இருந்தது. வரப்பைத் தாண்டி, கடைமடைக்காரர் செடியைத் தொடச் சொன்னார். சுட்டது. “குடிக்கிற இலை குளிரும், தம்பி. இப்போ சொல்லு, மடையை யாருக்குத் திறக்கட்டும்?” மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்தக் கைதான் இன்று வானத்தில் இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. லேண்ட்சாட் 8, 9 என்ற இரண்டு அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் தரையின் சூட்டைப் படம் பிடிக்கின்றன. இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்துக்கு வருகின்றன. வந்த வெயிலில் வானத்துக்கே திரும்பிப் போனதும், மண்ணையும் காற்றையும் சூடாக்கியதும் போக மிச்சம் எவ்வளவோ, அது ஆவியாக்கச் செலவானது. மேகம் மூடினால் படம் கிடைக்காது. ஐப்பசியில் அது பெரிய தொல்லைதான். ஆனால் நமக்குக் கணக்கு அதிகம் தேவைப்படுவது கோடையில்.

காட்டுக்கும் இதே கணக்கு. தாகத்தில் இருக்கும் மரத்தைச் சூடு காட்டிக்கொடுத்துவிடும். அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 2021 முதல் ‘ஓப்பன்ஈடி’ என்ற இணையதளம் வழியாக எந்த விவசாயியும் தன் வயலின் கணக்கை இலவசமாகப் பார்க்கலாம். நம் கடைமடைக்காரருக்கு ஏன் கூடாது? 2019இல் சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரியும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. அளந்து போடு என்ற பழமொழி நம்முடையது, அளவு மட்டும் ஆங்கிலக் கோப்பில் கிடக்கலாமா?

நான் ஊர் ஊராகக் கேட்டு வருவது ஒன்றுதான். ஒவ்வொரு ஏரி மதகிலும் ஒரு கரும்பலகை. அதில் வாராவாரம், தமிழில், சாக்பீஸால் இரண்டு எண்: தலைமடை குடித்தது இவ்வளவு, கடைமடை குடித்தது இவ்வளவு. மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.