கண்ணாடிக்குள்ள இருக்கிறவள் கிறுகிப் பாத்தா? | பிளாக் ஸ்வான் பட விளக்கம்

விரல் நுனியில சின்னதா ஒரு தோல் கிழிஞ்சு நிக்குது, பாத்ரூமுக்குள்ள நிண்டு ஒரு புள்ள அத இழுக்கிறாள், வருது, இன்னும் வருது, ரெத்தத்தோட உரிஞ்சு வருது, அடுத்த செக்கன் கைய பாத்தா ஒண்டுமே இல்ல. நல்ல கை!

வணக்கம் மக்காள், மட்டக்களப்பில இருந்து கதைக்கிறன், இண்டைக்கு "பிளாக் ஸ்வான்". முடிவையும் சொல்லப்போறன், படம் பாக்காத ஆக்கள் இப்பவே நிப்பாட்டிட்டுப் பாத்துட்டு வாங்க. 2010ல வந்த படம், டைரக்டர் டாரன் அரனோஃப்ஸ்கி, நீனாவா நடிச்ச நடாலி போர்ட்மனுக்கு ஆஸ்கார் கிடைச்சது. போதும், கதைக்கு வாறன்.

நியூயோர்க்கில ஒரு பாலே கம்பனி "ஸ்வான் லேக்" போடுறாங்க. சைகோவ்ஸ்கிட இசை, 1877ல மொஸ்கோவில முதல் மேடை ஏறினது. அதுல வெள்ளை அன்னத்தையும் கறுப்பு அன்னத்தையும் ஒரே ஆள் ஆடுறதுதான் வழக்கம். நீனாக்கு வெள்ளை தண்ணிபட்ட பாடு, கறுப்புத்தான் வருகுதில்ல. கால்ல ஒரு பிழையுமில்ல, ஆனா மயக்குற ஆட்டம் இல்ல. அத வர வைக்கிறன் எண்டு சொல்லி அந்தக் கம்பனிக்காரன் தோமா அவளோட நடக்கிற விதம் இரிக்கே, பயிற்சி எண்டு சொல்ல எனக்கு வாய் வராது, சுத்தமான தொந்தரவு.

வீட்ட வந்தா அம்மா. அவவும் ஒரு காலத்துல பாலே ஆடி, புள்ள வயித்துல வந்ததோட விட்டவ. மகளுக்கு பெரிய பாத்திரம் கிடைச்சிட்டெண்டு கேக் வாங்கி வாறா, நீனா "சின்னத் துண்டு போதும்மா" எண்டுறாள், உடன முழுக் கேக்கையும் தூக்கிக் குப்பையில போடப் போறா அந்த மனிசி! மகள் மன்னிப்புக் கேட்டு, தாய்ட விரல்ல இருந்தே கிறீம நக்கித் தின்னுறாள். ஒரு பேய்ப் படத்துலயும் நான் இப்பிடிப் பயந்ததில்ல.

மறுகா கண்ணாடி. படம் முழுக்கக் கண்ணாடிதான், இவள் அசையாம நிப்பாள், உள்ளுக்க இருக்கிறவள் கிறுகிப் பாப்பாள்.

இஞ்சதான் எனக்கு நம்மட ஊர்ல பாடி ஆடுற நாட்டுக்கூத்து, வடமோடிக் கூத்து ஞாபகம் வந்தது. அங்கயும் நெருக்குவாரம் இல்லையெண்டு சொல்ல ஏலா, சட்டம், அதான் ஆடுறவருக்குரிய பாட்டு வரியள் எழுதின ஏடு, குடுத்த நாளில இருந்து சதங்கை அணிஞ்சு அரங்கேற்றம் வரைக்கும் கூத்துப் பழக்கிற அண்ணாவியாரிட்ட ஏச்சு வாங்காத ஆள் ஆரு? ஆனா கூத்தாடுற களரியில கண்ணாடி இல்ல, சுத்திவர சனம். நீங்க ஒரு வரி படிச்சா பிற்பாட்டுக்காரர் அத வாங்கிப் படிப்பாங்க, அதுக்குள்ள மூச்சு எடுக்கலாம், தாளம் தவறினா மத்தளமே இழுத்துப் பிடிச்சு வழிக்குக் கொண்டு வரும். நீனாட வரிய வாங்கிப் படிக்க ஒரு சீவனுமில்ல, அதே கம்பனியில ஆடுற லில்லி எண்டு சிரிச்சுப் பேசி வாறவளும் தன்ட இடத்தப் பிடிக்கத்தான் வாறாள் எண்டு அவளுக்கு ஒரே எண்ணம். கல்லடியில விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துல ஆடப் படிக்கிற புள்ளையள் இதப் பாத்திருந்தா கட்டாயம் கமெண்ட் போடுங்க, உங்களுக்குத்தான் இது கூட விளங்கும்.

முடிவு: லில்லிய கண்ணாடித் துண்டால குத்திட்டன் எண்டு நினைச்சிட்டு போய் கறுப்பு அன்னத்த ஆடுறாள், கையெல்லாம் சிறகு முளைக்குது, என்ன ஆட்டம்! மறுகா பாத்தா குத்துப்பட்டது நீனாதான். செத்தாளா இல்லையா எண்டு படம் சொல்லாது, என்ட கட்சி செத்திட்டாள், நீங்க சண்டைக்கு வரலாம். அவளுக்கு இன்ன வருத்தம் எண்டும் படத்துல பேர் சொல்லல்ல, யூடியூப்பில ஆளாளுக்கு டொக்டர். உங்களுக்கு தெரிஞ்ச ஆரும் இப்பிடி தவிச்சா வீடியோ பாக்க விடாதீங்க, இலங்கையில எண்டா 1926க்கு அடிங்க, தேசிய மனநல நிறுவகத்துட நம்பர்.

அடுத்த கிழமை 1997ல வந்த ஜப்பான் அனிமேஷன் "பெர்ஃபெக்ட் புளூ", அதுல பாட்டுக்காரியா இருந்து நடிகையா மாறுற புள்ளைட கதை. சப்ஸ்கிரைப் பண்ணாம பாக்கிற ஆக்கள் கூடிட்டீங்க, அமத்திட்டுப் போங்க கா!