கானும் நடைபாதையும் ஒரே வேலை

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வாழ் அன்பர்களே,

2010 நவம்பரில் கொழும்பில் ஒரே இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டி, பாராளுமன்ற வளாகம்கூட வெள்ளத்தில் மூழ்கியது. அதன் பிறகு 2012இல் உலக வங்கி 21.3 கோடி டொலர் கடன் தந்து, கொழும்பின் பெரிய வாய்க்கால்களைத் திருத்தும் வேலை தொடங்கியது. மிகத் தேவையான வேலை அது. ஆனால் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதற்குப் பெரும்பாலும் வாசலில் இருக்கும் கானே, அதாவது மழைநீர் வடிகாலே, காரணம். அந்தக் கானின் மூடிமேல்தான் நாம் நடக்கிறோம். ஆகவே வெள்ளத்துக்கு ஒரு திட்டம், பாதசாரிக்கு இன்னொரு திட்டம் என்று பிரித்தால் இரண்டும் கெடும்.

மூடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 3 அடி நீளம், 2 அடி அகலம், 4 அங்குலத் தடிப்புள்ள கொன்கிரீட் பலகை ஏறக்குறைய 135 கிலோ. அலவாங்கு கொடுத்துக் கிளப்பும்போது ஓரம் உடையும், உடைந்த துண்டு கானுக்குள்ளேயே விழும். அதில் லன்ச் சீற்றும் ஷொப்பிங் பேக்கும் சிக்கினால் அடைப்புத்தான். அகலத்தை 1 அடியாகக் குறைத்து, தூக்குவதற்கு இரண்டு கம்பி வளையம் வைத்து வார்த்தால் எடை பாதியாகும். இரண்டு பேர் கொக்கி போட்டுத் தூக்கலாம். பலகைக்குள் வலுவுக்காக வைக்கும் கம்பி எப்போதும் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். தலைகீழாகத் திருப்பி வைத்த பலகை ஆள் மிதித்தாலே வெடிக்கும். வார்க்கும்போதே மேற்பக்கத்தில் ஓர் அடையாளம் போடுங்கள் என்று கேட்பது இதற்காகத்தான்.

தார் போடுவது அடுத்த சிக்கல். பழைய தாரைச் சுரண்டாமல் ஒவ்வொரு முறையும் 2 அங்குலம் ஏற்றினால், 6 அங்குல நடைபாதை விளிம்பு மூன்றே முறையில் வீதி மட்டமாகிவிடும். தண்ணீர் இறங்கும் வாய் தாருக்குள் புதையும், மோட்டார் சைக்கிள் நடைபாதையில் ஏறும். தாய்மார் பிள்ளைகளை எங்கே நடக்க விடுவது?

தண்ணீர் இறங்கும் வாயை மூடும் இரும்புக் கிராதியின் கம்பிகள் வீதிக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நெடுக்காக இருந்தால் சைக்கிள் சில்லு இறங்கிவிடும். மேன்ஹோல் மூடிக்குக் கீழே ஒரு பாதுகாப்பு வலை கட்டாயம் வேண்டும். வெள்ளத்தில் தண்ணீர் வடியட்டும் என்று யாராவது மூடியைத் திறந்தால், கலங்கிய நீருக்குள் அந்தக் குழி கண்ணுக்குத் தெரியாது.

துப்புரவு மே மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, ஒக்டோபர் மழைக்கு முன் இன்னொரு முறை நடக்க வேண்டும். அள்ளிய சேற்றைக் கான் ஓரத்தில் குவித்துவிட்டுப் போனால் முதல் மழையே அதைத் திரும்ப உள்ளே தள்ளும். அன்றைக்கே லொறியில் ஏற்ற வேண்டும். வாய்க்கால் கடலில் விழும் இடத்தில் மணல்திட்டு அடைத்திருந்தால் மேலே எத்தனை கான் துப்புரவு செய்தும் தண்ணீர் போகாது, அதையும் அதே வாரத்தில் வெட்டிவிட வேண்டும்.

மாநகர சபைக்கு எழுதும்போது ஒழுங்கையின் பெயர், வீட்டு இலக்கம், உடைந்த மூடிகளின் எண்ணிக்கை, அருகே அளவுகோல் வைத்து எடுத்த படம் எல்லாம் சேருங்கள். காலி வீதி விளிம்பு என்றால் கடிதம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குப் போக வேண்டும். வேலைக்கு ஆட்கள் வந்தால், பலகை மூடப்படும் முன் கானுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள்.