ஒரே கல்லில் ஐந்து மாங்காயா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் ஏற்கெனவே ஜெயித்துவிட்ட மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, மல்கோவாவும் செந்தூராவும் வாசம் வீசும் இந்த மாங்கனிக் கண்காட்சியில் பட்டிமன்றத்துக்கும் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரி மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

உயிரினங்கள் கூட்டம் கூட்டமாக அழிந்துபோனதற்குப் பெரிதும் காரணம் வானத்திலிருந்து விழுந்த கல்லா, பூமிக்குள்ளிருந்து கிளம்பிய எரிகுழம்பா? இதுதான் தலைப்பு. அண்ணன் கல் கட்சி, நான் குழம்புக் கட்சி. அவர் என்ன சொன்னார்? 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் ஒரு விண்கல் விழுந்து 180 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது, டைனோசர்கள் போயின, 1980-இல் அல்வாரெஸ் அப்பாவும் மகனும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இத்தாலியின் குப்பியோ ஊர்க் களிமண்ணில், பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கல்லில் அதிகமாகவும் இருக்கும் இரிடியம் என்ற உலோகத்தைக் காட்டி நிரூபித்தார்கள் என்றார். கைதட்டலும் வாங்கினார். சரி, அந்த ஒன்றை நான் மறுக்கவே வரவில்லை. ஆனால் பேரழிவுகள் ஐந்து, ஐயா! ஒரு கல்லில் இரண்டு மாங்காய் கேள்விப்பட்டிருக்கிறோம்; அண்ணன் ஒரே கல்லில் ஐந்து அடிக்கப் பார்க்கிறார்.

ஐந்திலும் பெரியது எது? டைனோசர் கதை இல்லை, அதற்கும் முன்னால் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் நடந்தது. கடல் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் போயின. அதற்கு முன் கிட்டத்தட்ட 27 கோடி ஆண்டுகள் கடலில் தாக்குப்பிடித்த டிரைலோபைட் என்ற ஓடுள்ள கடல் உயிரினம் அங்கேதான் முடிந்தது. அந்தக் காலத்துக்குப் பொருந்துகிற மாதிரி, எல்லோரும் ஒத்துக்கொள்ளும் ஒரு விண்கல் பள்ளம் உண்டா? இல்லை. குழம்பு உண்டா என்றால், சைபீரியாவுக்குப் போய்ப் பாருங்கள். 30 லட்சம் கன கிலோமீட்டர் என்று ஒரு மதிப்பீடு. அதைத் தமிழ்நாட்டின் மேல் கொட்டினால் மாநிலம் முழுக்க 20 கிலோமீட்டருக்கு மேல் உயரம் நிற்கும்.

இங்கே அண்ணன் ஒரு கேள்வி கேட்பார், நல்ல கேள்விதான்: 13 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பிரேசில் பக்கம் பரானாவில் இப்படித்தான் குழம்பு கொட்டியது, அப்போது ஏன் எதுவும் பெரிதாக அழியவில்லை? இதற்குப் பதில் நம் மாவட்டத்துக் குவாரியிலேயே ஆரம்பிக்கிறது. கருப்பு கிரானைட் என்று அறுத்து, மெருகேற்றி, சமையல் மேடைக்குப் போடுகிறோமே, அது உண்மையில் கிரானைட்டே இல்லை, டாலரைட். 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பாறை விரிசலில் ஏறி வந்து, மேலே வராமலே உறைந்த குழம்பு. அடுத்த முறை குவாரிக்குப் போனால், அந்தக் கருப்புப் பட்டை பக்கத்துப் பாறையைத் தொடும் ஓரத்தை உற்றுப் பாருங்கள். நடுவில் மணி மணியாகத் தெரிகிற கல், ஓரத்தில் மாவு போல நுண்ணியதாக இருக்கும். குளிர்ந்த பாறையைத் தொட்டதும் சட்டென்று உறைந்ததால் வந்த அடையாளம் அது. உறையும்போது தன் சூட்டைப் பக்கத்துப் பாறைக்குத்தான் கொடுக்கிறது. நம் ஊரில் அது தொட்டது கெட்டிப் பாறை, எரிய ஒன்றுமில்லை. சைபீரியாவில் தொட்டது எதைத் தெரியுமா? நிலக்கரியை, உப்புப் படிவத்தை, சுண்ணாம்புக் கல்லை!

அதனால் எவ்வளவு குழம்பு வந்தது என்பதை விட, வருகிற வழியில் எதை வேகவைத்தது என்பதுதான் என் வாதம். சைபீரியாவில் மூன்று லட்சம் ஆண்டுகள் போல குழம்பு தரைக்கு மேலே வழிந்துகொண்டிருந்தது, அப்போதும் உயிர்கள் சமாளித்தன. பிறகு அது நிலத்துக்கு அடியிலேயே படிவங்களுக்கு இடையில் படுக்கையாகப் பரவ ஆரம்பித்தது. அழிவு தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான். நிலக்கரியும் சுண்ணாம்பும் வெந்து கரியமில வாயு கிளம்ப, வெப்பமண்டலக் கடல் எட்டு முதல் பத்து டிகிரி வரை சூடேறியது. சூடான நீரில் ஆக்சிஜன் குறைந்தது, கடல் அமிலமானது, அப்புறம் அங்கே யார் பிழைப்பது?

எப்படித் தெரியும் என்பீர்கள். சீனாவில் மெய்ஷான் என்ற ஊரில் சுண்ணாம்புக் கல்லுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் அடுக்குகள் இருக்கின்றன. அந்தச் சாம்பலில் ஜிர்கான் என்று கண்ணுக்கே தெரியாத அளவுப் படிகம், உள்ளே கொஞ்சம் யுரேனியம். அது ஒரே வேகத்தில் ஈயமாக மாறும்; இரண்டையும் அளந்தால் வயது வந்துவிடும். மெய்ஷானில் உயிர்கள் மறைந்த அடுக்கின் வயதும் சைபீரியப் பாறையின் வயதும் ஒத்துப்போகின்றன. அழிவு நடந்து முடிய ஏறக்குறைய 60,000 ஆண்டுகள்தான். கனடாவின் வடகோடியில் அதே காலத்துப் படிவத்தில் கரித்துகள் கிடைத்திருக்கிறது, பார்த்தால் மேட்டூர் அனல்மின் நிலையத்து உலர்சாம்பல் மாதிரியே இருக்கும். அப்போது மின் நிலையம் யார் கட்டினார்கள், அண்ணா?

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நடுவர் மணியைப் பார்க்கிறார். 44.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய முதல் அழிவில் குழம்புக்குப் பெரிய பங்கு என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அது பனிக்காலம், இன்று மணல் கொளுத்துகிற சகாராவில் பனியாறு உரசிய கீறல்கள் பாறையில் இருக்கின்றன. ஆனால் அதுவும் வானத்திலிருந்து விழவில்லையே. இரண்டாவதான டெவோனியன் காலத்து அழிவில் காரணம் எது என்று இன்னும் வழக்கு நடக்கிறது. டைனோசர் அழிவிலும்கூட, நம் மகாபலேஸ்வர் மலையாக நிற்கும் தக்காணக் குழம்பு, கல் விழுவதற்கு முன்பே கொட்டத் தொடங்கி விழுந்த பின்னும் கொட்டிக்கொண்டுதான் இருந்தது.

மீதி இருப்பது டிரையாசிக் காலத்தின் முடிவில், 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த அழிவு. கனடாவில் மேனிக்குவாகன் என்று ஏறத்தாழ 100 கிலோமீட்டர் அகலப் பள்ளம், இன்று வளையம் போல ஏரி நிற்கிறது. ஒரு காலத்தில் கல் கட்சிக்காரர்கள் இந்தப் பள்ளத்தைத்தான் டிரையாசிக் அழிவின் குற்றவாளி என்றார்கள். வயதைச் சரியாக அளந்தபோது 21.4 கோடி என்று வந்தது. அழிவுக்குக் கோடி ஆண்டுக்கும் முன்பே விழுந்த கல்! அழிவு நடந்த அதே நேரத்தில் மொராக்கோவிலிருந்து பிரேசில் வரை கொட்டிக்கொண்டிருந்தது எரிகுழம்பு. சைபீரியாவில் போபிகாய் என்று இன்னொன்று, அதுவும் கிட்டத்தட்ட அதே அகலம், விழுந்து மூன்றரைக் கோடி ஆண்டு ஆகிறது, ஐந்து பேரழிவில் ஒன்றுகூட அதன் கணக்கில் இல்லை. எனக்கு அடுத்துப் பேச வருகிற எதிரணி அக்கா, டைனோசரை ஒரு ஓரமாகக் கட்டிப்போட்டுவிட்டு, இந்த இரண்டு பள்ளத்துக்கும் மட்டும் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.