அயல்நாட்டு வானில் ஒரு குழு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாராகிளைடர் என்பது எஞ்சின் இல்லாத, துணியாலும் மெல்லிய கயிறுகளாலும் ஆன இறக்கை. மலைச்சரிவில் ஓடிக் கிளம்பும் விமானி, வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றைப் பிடித்து மேலேறுகிறார். அந்தக் காற்று கிடைக்காதபோது மெல்ல இறங்கிவிடுகிறார். தனியாகப் பறக்கத் தெரிந்தவர்களைக் குழுவாகச் சேர்த்து, அவர்களுக்குப் பழக்கமில்லாத நாட்டு மலைகளில் ஒரு வாரம் பறக்கவைக்கும் வழிகாட்டியின் பணியைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன்.

இந்தப் பணியில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, கால் தரையை விட்ட கணத்திலிருந்து வழிகாட்டியால் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதே. ஒவ்வொருவரும் தனி இறக்கையில், தம் பொறுப்பில் பறக்கிறார்கள். வாக்கி டாக்கியில் சொல்லும் நாலு வார்த்தைக்கு மேல் வழிகாட்டியின் உதவி அவர்களை எட்டாது. ஆகவே யாரை அழைத்துச் செல்வது, எந்த மாதத்தில் எந்த மலைக்குப் போவது, எத்தனை மணிக்கு யாரைக் கிளம்பச் சொல்வது, யாரை உட்காரவைப்பது என்று அவருடைய வேலையின் பெரும்பகுதி தரையிலேயே முடிந்துவிடுகிறது.

யாரை அழைப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் வழியே வழங்கப்படும் ஐ.பி.பி.ஐ. அட்டை, ஒரு விமானியின் திறனை ஐந்து நிலைகளாகப் பிரித்துக் காட்டுகிறது. நான்காம் நிலை எழுகாற்றில் நின்று பறப்பதையும், ஐந்தாம் நிலை நெடுந்தொலைவுப் பறத்தலையும் குறிக்கும். ஆனால் அட்டை பெற்ற பின் இரண்டாண்டு இறக்கையை விரிக்காதவரும் அதே அட்டையைத்தான் நீட்டுவார். கடைசியாக எப்போது, எங்கே, எந்த வகை இறக்கையில் பறந்தீர்கள் என்று கேட்டு வாங்கும் பதில், அட்டையைவிடப் பயன் தருவது.

இடங்களின் தன்மையோ ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது. துருக்கியின் ஒலுதெனிஸில் பாபாதாக் மலையின் உயரமான தளங்களிலிருந்து கிளம்புபவர் கடற்கரையில் வந்து இறங்குகிறார். அங்கே கவலை தருவது வானத்தின் நெரிசல், குறிப்பாகச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவரும் இருவர் இறக்கைகள். இமாச்சலப் பிரதேசத்தின் பில்லிங்கில் புறப்பாட்டுத் தளம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று அடர்த்தி குறைந்தது. அதனால், கடல்மட்டத்தில் ஓடுவதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடினால்தான் இறக்கை ஆளைத் தூக்கும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால், தம் ஊர்க் குன்றில் நன்றாகக் கிளம்புபவர்கூட அங்கே பாதி ஓட்டத்தில் உட்கார்ந்துவிடுவார். 2015இல் உலகப் போட்டி நடந்த கொலம்பியாவின் ரோல்தானியோவில் காலை அமைதியாக இருக்கும். பிற்பகலில் பசிபிக் கடலின் காற்று மேற்கு மலைத்தொடரைத் தாண்டிப் பள்ளத்தாக்கினுள் இறங்கிவிடும். அதற்கு முன் எங்கே இறங்கியிருக்க வேண்டும் என்பதை அங்குள்ள விமானிகள் பழக்கத்தால் அறிவார்கள், விருந்தினர் அறியமாட்டார். இத்தகைய செய்திகளுக்கு, குழுவை ஏற்றி இறக்கும் உள்ளூர் ஓட்டுநரை நான் பல வானிலைச் செயலிகளுக்கு மேலாக மதிக்கிறேன்.

இவை எல்லாம் படித்தும் கேட்டும் அறியக்கூடியவை. குழு என்பதாலேயே விளையும் ஆபத்து வேறு வகையானது. சரிவில் பத்துப் பேர் நிற்கையில் ஒருவர் அழகாகக் கிளம்பி மேலேறிவிட்டால், மற்றவர்கள் காற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். தனியாக வந்திருந்தால் பையைத் திறந்தே இருக்கமாட்டார் என்று சொல்லத்தக்க ஒருவர், நண்பர்கள் மேலே சுற்றுகிறார்கள் என்பதற்காக இறக்கையை விரிக்கிறார். விடுப்பு ஒரு வாரம்தான், பணம் கட்டியாகிவிட்டது, நேற்று மழை என்ற எண்ணங்களும் அவரைப் பின்னாலிருந்து தள்ளுகின்றன.

ஆல்ப்ஸ் மலையில் ஃபொன் என்று வழங்கும் காற்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மலைத்தொடரின் இரு பக்கங்களுக்கிடையே காற்றழுத்த வேறுபாடு வளரும்போது, ஒரு பக்கத்துக் காற்று சிகரங்களைத் தாண்டி மறுபக்கச் சரிவில் வெப்பமாகவும் வறண்டும் பாய்கிறது. அது பாயும் வரை பள்ளத்தாக்கில் இலை அசையாது. வானம் கண்ணைப் பறிக்கும் நீலம். தொலைமலைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தெளிந்திருக்கும். சுவிட்சர்லாந்தில் மலைத்தொடருக்கு வடக்கே உள்ள சூரிக் நகருக்கும் தெற்கே உள்ள லுகானோ நகருக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு நான்கு ஹெக்டோபாஸ்கலைத் தொட்டாலே அங்குள்ள விமானிகள் எச்சரிக்கை கொள்கிறார்கள். அப்படிப்பட்ட நாளில், இறக்கையோடு ஆவலாய் நிற்கும் பத்துப் பேரிடம் இன்று பறக்கப் போவதில்லை என்று வழிகாட்டி சொல்ல வேண்டியிருக்கும். அதை மலையேறிய பின் சரிவில் நின்று சொல்வதைவிட, காலை உணவின்போதே அழுத்த வரைபடத்தைக் காட்டிச் சொல்வது எளிது. வேனில் ஒரு மணி நேரம் ஏறி வந்தவர் மனம் பாதி பறந்துவிட்டிருக்கும்.

சரிவிலே ஒருவர் பின்வாங்குவதை எளிதாக்கும் வழிகளும் உண்டு. இறங்கிப்போக வேன் எப்போதும் காத்திருக்க வேண்டும்; வேண்டாம் என்பவரிடம் காரணம் கேட்கக் கூடாது; யார் எவ்வளவு தூரம் பறந்தார் என்ற கணக்கை இரவுணவில் பேசவைத்துப் போட்டியாக்கக் கூடாது. முதல் ஓரிரு நாட்களில் வழிகாட்டி முன்னால் பறந்து எழுகாற்றைக் காட்டுவதைவிட, கடைசி ஆள் கிளம்பும் வரை சரிவிலேயே நிற்பது நல்லது என்பது என் கருத்து. மாறான கருத்துள்ள சிறந்த வழிகாட்டிகளும் இருக்கிறார்கள்.

வாக்கி டாக்கியில் அமைதியே ஒழுங்கு. ஒருவருடைய பேச்சுப் பொத்தான் பையின் வாரில் சிக்கி அழுந்திக்கொண்டால், அவர் மூச்சுவிடும் ஒலியைத் தவிர வேறெதையும் குழுவினர் கேட்க முடியாது; ஆகவே அலைவரிசை அடைபட்டால் என்ன செய்வது என்பதை முதல் நாளே முடிவுசெய்து வைப்பார்கள். தரையிறங்கியவர் உடனே இறக்கையைச் சுருட்டிவிட வேண்டும். விரித்தபடி கிடக்கும் இறக்கை மேலிருந்து பார்ப்பவர்களுக்கு உதவி வேண்டும் என்ற செய்தியாகும். மீட்பு ஹெலிகாப்டர் வந்தால் இரு கைகளையும் உயர்த்தி நிற்பது ஆம் என்றும், ஒரு கையை உயர்த்தி மறு கையைத் தாழ்த்தி நிற்பது வேண்டாம் என்றும் பொருள்படும்.

காப்பீட்டில், மீட்பு, மருத்துவம், தாயகம் திரும்புதல், பிறருக்கு நேரும் சேதம் ஆகிய நான்கும் பாராகிளைடிங்கைப் பெயர்சொல்லி உள்ளடக்கியிருக்க வேண்டும். சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: பிரான்சில் ஊதியம் பெற்றுப் பறத்தல் கற்பிப்பதற்கு அரசுத் தகுதிச் சான்று தேவை, ஐரோப்பிய ஒன்றியத்தில் தங்குமிடத்தையும் போக்குவரத்தையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விற்பவர், 2015ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண நெறிமுறைப்படி அந்தப் பயணம் முழுவதற்கும் பொறுப்பாளியாகிறார்.

கட்டணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறக்காத நாளுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக விளம்பரம் செய்வது நேர்மையானதாகத் தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால், பறக்கலாமா கூடாதா என்று காலையில் முடிவெடுக்கும் மனிதரின் அன்றைய வருமானம் அந்த முடிவைச் சார்ந்துவிடுகிறது. ஆகவே ஒரு வாரக் கட்டணம் ஒரு வாரக் கட்டணமாகவே இருக்க வேண்டும் என்றும், வானிலையால் எத்தனை நாள் தரையில் கழிந்தாலும் அது மாறாது என்றும் முன்பதிவின்போதே எழுத்தில் தந்துவிடுவதையே நான் பரிந்துரைப்பேன். அதைப் படித்துவிட்டு வர மறுப்பவர்கள் சிலர் இருப்பார்கள், அவர்களை விட்டுவிடலாம்.

வணக்கம்.