காந்தி பயணம் செய்த கப்பலில் ஏறிய டர்பன் விமானம்

[திரையில்: டர்பன் விரிகுடா, காலை நேரம்.]

வணக்கம், நேயர்களே. 1914ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் தேதி கேப் டவுன் துறைமுகத்திலிருந்து கின்ஃபான்ஸ் காசில் என்ற பயணிகள் கப்பல் இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. தென்னாப்பிரிக்காவிடமிருந்து விடைபெற்ற காந்தியும் கஸ்தூரிபாயும் அவர்களுடைய நண்பர் கல்லன்பாக்கும் அந்தக் கப்பலின் மூன்றாம் வகுப்பில் இருந்தனர். இது நம்மில் பலர் சிறு வயதிலேயே கேட்ட செய்தி. அதே கப்பல் நான்கு மாதங்கள் கழித்து, நாம் நிற்கும் இந்த டர்பனிலிருந்து ஒரு பறக்கும் படகை ஏற்றிக்கொண்டு, ஒளிந்திருந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் ஒன்றைத் தேடி வடக்கே சென்றது என்பதை எத்தனை பேர் அறிவோம்? அந்தப் பறக்கும் படகை ஓட்டியவரையும், அவருக்குப் பின் அதே சதுப்பு நிலத்தின் மேல் பறந்த கடற்படை விமானிகளையும் நினைவுகூர்வதற்காகவே இந்த வீடியோவைத் தயாரித்தேன். இடையில் ஒரு ஃபோர்டு காரின் ரேடியேட்டரும் கதைக்குள் வரும், அதுவரையாவது பாருங்கள்.

[திரையில்: இந்தியப் பெருங்கடலின் வரைபடம்.]

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கெட்டிக்காரனையும் தந்திரக்காரனையும் "சரியான எம்டன்" என்று அழைக்கும் பழக்கம் தமிழில் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பலின் பெயர் அது. அந்த எம்டனுக்கு ஆப்பிரிக்கக் கரையில் ஒரு கூட்டாளி இருந்தது. அதன் பெயர் கோனிக்ஸ்பெர்க். "அரசனின் மலை" என்று பொருள். கோன் என்றால் நமக்கும் அரசன்தானே என்று மொழி ஆராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள்; அது வெறும் ஒலி ஒற்றுமை. முதல் உலகப் போர் தொடங்கிய அதே வாரத்தில், தேயிலை ஏற்றி வந்த சிட்டி ஆஃப் வின்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் வணிகக் கப்பலை ஏடன் பக்கத்தில் இந்தக் கோனிக்ஸ்பெர்க் பிடித்தது. சென்னையில் எம்டனின் குண்டுகள் விழுவதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 20 விடியற்காலையில், சான்சிபாரில் பழுதுபார்ப்புக்காக நின்றிருந்த பெகசஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலையும் சுட்டு மூழ்கடித்தது.

அதன் பிறகு கோனிக்ஸ்பெர்க்கின் இயந்திரம் பழுதடைந்தது. நிலக்கரியும் குறைவாகவே இருந்தது. எனவே இன்றைய தான்சானியாவில் உள்ள ருஃபிஜி ஆற்றின் கழிமுகத்திற்குள் அது நுழைந்து மறைந்துகொண்டது. பிச்சாவரம் சென்றவர்களுக்கு அந்த இடத்தை எளிதாக விளக்கலாம். அதே போன்ற அலையாத்திக் காடு, அதே போன்று கிளை பிரியும் நீர்வழிகள். ஆனால் பரப்போ பன்மடங்கு பெரியது. மரக்கிளைகளை வெட்டிப் பாய்மரங்களில் கட்டிவிட்டால் கடலிலிருந்து பார்ப்பவனுக்குக் கப்பலும் காடும் ஒன்றாகவே தெரியும். அக்டோபர் 30 அன்று சாத்தம் என்ற பிரிட்டிஷ் கப்பல் அதைக் கண்டுபிடித்தது. ஆனால் ஆழமில்லாத கழிமுகத்திற்குள் பெரிய கப்பல்களால் நுழைய முடியவில்லை. கோனிக்ஸ்பெர்க்கோ பீரங்கிகளுக்கு எட்டாத தொலைவுக்கு ஆற்றின் மேற்பகுதி நோக்கி நகர்ந்துகொண்டது. மரத்துக்கு மேலே எழும்பிப் பார்க்கக்கூடிய ஒரு கண் தேவைப்பட்டது.

அந்தக் கண் டர்பனில் கிடைத்தது.

[திரையில்: கர்ட்டிஸ் பறக்கும் படகின் கோட்டோவியம்.]

டெனிஸ் கட்லர் என்பவர் டர்பனில் கர்ட்டிஸ் வகைப் பறக்கும் படகு ஒன்றை ஓட்டிவந்த சிவிலியன் விமானி. பறக்கும் படகு என்றவுடன் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மரத்தாலான ஒரு தோணி, அதன் மேல் துணி போர்த்திய இரண்டடுக்கு இறக்கை, இறக்கைகளுக்கு நடுவே 90 குதிரைத்திறன் கொண்ட ஓர் இயந்திரம், அவ்வளவுதான். இன்று நம் வீட்டு வாசலில் நிற்கும் சாதாரணக் காருக்கும் ஏறத்தாழ அதே திறன் இருக்கும். கடற்படை அவரைப் பணியில் சேர்த்து, அதிகாரிப் பதவி கொடுத்து, விமானத்தோடு கின்ஃபான்ஸ் காசிலில் ஏற்றியது.

இங்கே சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். காந்தியின் பயணத்தின்போது அந்தக் கப்பலில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. கல்லன்பாக்கிடம் விலையுயர்ந்த தொலைநோக்கிக் கண்ணாடிகள் இருந்தன. எளிய வாழ்க்கைக்கும் அவற்றுக்கும் பொருந்தாது என்று இருவருக்கும் இடையே தினமும் விவாதம் நடந்தது. கடைசியில், நமக்குள் இது எதற்கு ஒரு சச்சரவு என்று அதைக் கடலில் வீசிவிட்டார்கள். அதன் மதிப்பு ஏழு பவுண்டு என்று காந்தியே எழுதியிருக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளர்களாகத் தென்னாப்பிரிக்கா வந்து, ஒப்பந்தக் காலம் முடிந்த நம் முன்னோர்களின் கழுத்தை நெரித்த ஆண்டு வரி மூன்று பவுண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு பேருடைய ஓராண்டு வரிக்கும் மேற்பட்ட தொகை தண்ணீரில் போனது. தொலைநோக்கியைத் துறந்த அந்தக் கப்பல்தான் நான்கு மாதத்தில் ஒரு கடற்படைக்கே தொலைநோக்கியாக வேலை பார்க்கப் போனது. இதை நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் மிகையாக இருக்கிறது என்று நீங்களே கமெண்ட் போட்டிருப்பீர்கள்.

சரி, பயணத்தைத் தொடர்வோம். நவம்பர் 15 அன்று கப்பல் ருஃபிஜிக்கு அருகில் உள்ள நியோரோரோ என்ற சிறு தீவை அடைந்தது. கட்லரின் விமானத்தில் திசைகாட்டி இல்லை. முதல் முறை தனியாகப் பறந்தவர் மேகத்தில் வழி தவறி, மனித நடமாட்டமற்ற ஒரு தீவின் ஓரத்தில் இறங்கினார். தேடிச் சென்ற கப்பல் அவரைக் கண்டுபிடித்தது. பல மணி நேரம் அந்த மணல்திட்டில் தனியாக உட்கார்ந்திருந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்? டர்பன் கடற்கரையில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தின் முன் பறந்தவருக்கு இப்போது பின்னால் கடல், முன்னால் எதிரியின் ஆறு.

அடுத்து ரேடியேட்டர். நீரால் குளிர்விக்கப்படும் இயந்திரத்தில் ரேடியேட்டர் ஒழுகினால், நீர் குறைந்து இயந்திரம் சூடேறி நின்றுவிடும். சாலையில் நின்றால் வண்டியை ஓரங்கட்டலாம். வானத்தில் ஓரம் ஏது? அந்தக் கரையோரத்தில் விமான உதிரிபாகங்கள் கிடைக்கவே வழியில்லை. எனவே மொம்பாசாவுக்குக் கப்பல் அனுப்பி, ஒரு ஃபோர்டு காரின் ரேடியேட்டரைக் கொண்டுவந்து விமானத்தில் பொருத்தினார்கள். அதே நாட்களில் எதிர்த் தரப்பும் உதிரிபாகத்துக்காகவே அல்லாடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோனிக்ஸ்பெர்க்கின் பழுதான இயந்திரப் பாகங்களை ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் தரை வழியாகத் தாருஸ்ஸலாம் பட்டறைக்கு இழுத்துச் சென்று, சரிசெய்தபின் மீண்டும் காட்டுக்குள் இழுத்து வந்தனர். அவர்களில் ஒருவர் பெயரும் இந்தக் கதையைச் சொல்லும் எந்த நூலிலும் என் கண்ணில் படவில்லை.

ஃபோர்டு ரேடியேட்டர் வேலை செய்தது. கட்லர் மீண்டும் பறந்து கோனிக்ஸ்பெர்க்கைக் கண்டார். இறங்கும்போது படகின் உடற்பகுதி சேதமடைந்தது. டர்பனிலிருந்து இன்னொரு கர்ட்டிஸின் உடற்பகுதி வந்து சேர்ந்ததும், மூன்றாம் முறை ஒரு பார்வையாளரையும் ஏற்றிக்கொண்டு சென்று, கப்பல் இருந்த இடத்தை உறுதிப்படுத்தினார். டிசம்பர் மாதம் மீண்டும் ஒரு முறை பறந்தபோது இயந்திரம் கைவிட்டது. ஆற்றிலேயே இறங்க நேர்ந்த அவரை ஜெர்மானியர் சிறைபிடித்தனர். விமானத்தை மட்டும் சக வீரர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே மோட்டார் படகில் சென்று இழுத்து வந்துவிட்டனர். ஆளை மீட்க முடியவில்லை. நீண்ட காலம் அவர் போர்க்கைதியாக இருந்தார். வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று வரிகளோடு அவரைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பீரங்கி முன் நிற்கும் வீரம் ஒருவகை. ஒழுகும் ரேடியேட்டரை நம்பி, திசைகாட்டி இல்லாமல், முந்தைய முறை தவறிப்போன அதே வானத்துக்கு மறுபடி ஏறுவது இன்னொரு வகை. இரண்டில் எது கடினம் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

[திரையில்: மாஃபியா தீவும் ருஃபிஜி கழிமுகமும்.]

1915இல் பிரிட்டிஷ் கடற்படையின் வான்பிரிவு தன் சொந்த விமானங்களை அனுப்பியது. முதலில் வந்தவை சோப்வித் வகை நீர்விமானங்கள். டர்பனில் பிப்ரவரி மாதம் டப்பாவைத் திறந்து வைத்த அப்பளம் என்ன ஆகுமோ அதே கதி அவற்றுக்கும் ஏற்பட்டது. பலகைகளை ஒட்டிச் செய்த பாகங்களின் பசை, ஈரத்திலும் வெப்பத்திலும் பிடிப்பை இழந்தது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் இறக்கைக்குத் தாங்கும் விசையும் குறைந்தது. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு எழும்புவதே பெரும்பாடாக இருந்தது. அடுத்து வந்த ஷார்ட் வகை விமானங்கள் கப்பலைப் படம் பிடித்தன. அதன் பிறகு கழிமுகத்துக்கு எதிரே கடலில் இருக்கும் மாஃபியா தீவில் தரை விமானங்களுக்கு ஓர் ஓடுதளம் அமைத்தார்கள்.

ஆழமற்ற ஆற்றில் நுழைவதற்காக செவர்ன், மெர்சி என்ற இரண்டு தட்டையான பீரங்கிக் கப்பல்கள் வந்தன. ஆனால் அவற்றிலிருந்து இலக்கு தெரியாது. காட்டுக்கு அப்பால் பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கப்பலைக் கண்ணால் காணாமலே சுட வேண்டும். குண்டு எங்கே விழுந்தது என்பதை மேலே வட்டமிடும் விமானத்தில் இருப்பவர் கம்பியில்லாத் தந்தி மூலம் எழுத்துக் குறிகளாக அனுப்புவார். கீழே இருப்பவர்கள் அதற்கேற்பக் குறியை மாற்றுவார்கள். ஜூலை 6 அன்று 600க்கும் மேற்பட்ட குண்டுகள் சுடப்பட்டும் கோனிக்ஸ்பெர்க் தப்பியது.

ஜூலை 11 அன்று மீண்டும் முயன்றனர். அன்று வானில் இருந்தவர்கள் விமானி ஜான் கல், பார்வையாளர் ஹார்வுட் ஆர்னால்ட். "கல்" என்று பெயர் வைத்துக்கொண்டு ஒருவர் பறந்தாரா என்று சிரிக்கலாம், நானும் சிரித்தேன். அடுத்து நடந்தது சிரிப்பதற்கு உரியதன்று. ஆர்னால்டின் குறிகளைப் பின்பற்றிச் செவர்னின் குண்டுகள் இலக்கை நெருங்கின. பிறகு தாக்கத் தொடங்கின. அதே நேரத்தில் கோனிக்ஸ்பெர்க்கின் குண்டுச் சிதறல் விமானத்தின் இயந்திரத்தைப் பதம் பார்த்தது. எங்களுக்கு அடி விழுந்துவிட்டது, படகு அனுப்புங்கள் என்று ஆர்னால்ட் செய்தி அனுப்பினார். அத்தோடு அவர் தந்திக் கருவியிலிருந்து கையை எடுத்துவிடவில்லை. இயந்திரம் நின்று, விமானம் சறுக்கியபடி இறங்கிக்கொண்டிருந்தபோதும், குண்டுகளைக் கப்பலின் நடுப்பகுதிக்குக் கொண்டுவர வேண்டிய திருத்தங்களைத் தட்டிக்கொண்டே இருந்தார். விமானம் மெர்சிக்கு அருகில் ஆற்றில் விழுந்து குப்புறக் கவிழ்ந்தது. ஆர்னால்ட் வெளியே தூக்கி எறியப்பட்டார். இருக்கைப் பட்டியில் சிக்கித் தண்ணீருக்குள் மூழ்கிய கல் போராடி வெளியே வந்தார். இருவரும் பிழைத்தனர், இருவருக்கும் வீரப்பதக்கம் வழங்கப்பட்டது. அன்று பிற்பகலில் கோனிக்ஸ்பெர்க்கின் கேப்டன் லூஃப் தன் கப்பலைத் தானே தகர்க்க உத்தரவிட்டார்.

இது பேரரசுகளின் சண்டை, நமக்கென்ன என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1914ஆம் ஆண்டு என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது தில்லையாடி வள்ளியம்மையின் மரணம். ஆனாலும் அந்தப் போரில் நம்மவர் இல்லாமல் இல்லை. பாளையங்கோட்டையின் பெயரைத் தாங்கிய 63ஆம் காலாட்படை அந்த நவம்பரில் டாங்காவில் போரிட்டது. பின்னர் தென்னாப்பிரிக்க இந்தியர்களின் தூக்குப் படுக்கைப் படை இதே கிழக்கு ஆப்பிரிக்காவில் காயம்பட்டவர்களைச் சுமந்தது.

கடற்படை விமானிகளைப் பற்றிப் பேசும்போது, இரண்டாம் உலகப் போரில் நடந்த இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லியே ஆக வேண்டும். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பலான ஹெர்மிஸ், 1942 ஜனவரி வரை கேப் டவுன் அருகே சைமன்ஸ் டவுனில் பழுதுபார்க்கப்பட்டது. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக் கடலில் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தபோது 307 பேர் இறந்தனர். அதன் விமானங்களோ கரையில் இருந்தன. நான்கு நாள் முன்பு, திருகோணமலையிலிருந்து கொழும்புப் பக்கம் பறந்த சுவோர்ட்ஃபிஷ் வகைக் கடற்படை விமானங்கள் ஆறும் ஒன்று விடாமல் வீழ்த்தப்பட்டன. அதைத் தனி வீடியோவாகச் செய்ய வேண்டும். விருப்பமிருந்தால் கமெண்டில் எழுதுங்கள்.

[திரையில்: பிரிட்டோரியா, யூனியன் பில்டிங்ஸ் வளாகத்தில் ஒரு பீரங்கி.]

ஜெர்மானியர் மூழ்கிய கோனிக்ஸ்பெர்க்கின் பத்துப் பீரங்கிகளையும் மீட்டு, சக்கரம் பூட்டித் தரைப்போரில் பயன்படுத்தினார்கள். அவற்றுள் ஒன்று மொம்பாசாவின் ஃபோர்ட் ஜீசஸ் கோட்டையிலும், இன்னொன்று பிரிட்டோரியாவின் யூனியன் பில்டிங்ஸ் வளாகத்திலும் இருக்கின்றன. லாடியத்தில் இருக்கும் என் சித்தியின் குடும்பத்தோடு சென்ற ஆண்டு அங்கே போயிருந்தேன். மண்டேலா சிலையைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். நாங்களும் அதற்காகத்தான் போனோம். சித்தியின் பேரன் பீரங்கிக் குழலுக்குள் கையை விட்டு, "உள்ளே சூடா இருக்கு, சித்தப்பா" என்றான். வெயிலில் இரும்பு காய்ந்திருந்தது. இந்தக் கப்பலைத் தேடித்தான் நம்ம ஊர் விமானம் போனது என்று சொன்னேன். அந்த விமானம் எங்கே என்று உடனே கேட்டான். மரமும் துணியும் பசையும் எத்தனை நாள் தாங்கும் என்று அவனுக்கு விளக்க முயன்றேன். அவனுக்குத் திருப்தி ஏற்படவில்லை.

எனவே நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். டர்பன் துறைமுகத்திலோ ரயில்வேயிலோ வேலை பார்த்த முன்னோர்கள் உங்களில் பலருக்கு இருப்பார்கள். வீட்டு அலமாரியில் பழைய ஆல்பம் இருந்தால் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். 1914ஐ ஒட்டிய படம் ஏதாவது ஒன்றில், விரிகுடாத் தண்ணீரில் இரண்டடுக்கு இறக்கையோடு ஒரு தோணி மிதந்துகொண்டிருந்தால், அதைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். அந்தச் சிறுவனுக்குக் காட்ட வேண்டும்.